மார்கழியில் மட்டும் தெரிந்த சுவர்கள்

மருந்துக்கடைக்காரருக்கு என்மேல் ஒரு பரிதாபம் இருந்தது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது போய் ரோஷெல் உப்பு கேட்பேன். அந்தக் காலத்தில் வயிறு இளகுவதற்குக் கொடுக்கிற உப்பு அது. மற்றவர்கள் ஒரு பொட்டலம் வாங்கினால் நான் டப்பாவாக வாங்குவேன். ஒரு நாள் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "சார், சிறுமலை வாழைப்பழம் ராத்திரிக்கு ரெண்டு சாப்டுங்க. இம்புட்டு உப்பு உடம்புக்கு ஆகாது" என்றார். கல்லூரியில் நான் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். கடைத்தெருவில் தீராத மலச்சிக்கல்காரன். விளக்கம் சொல்லப் போனால் கதை இன்னும் நீளும் என்று தலையாட்டிவிட்டு டப்பாவோடு வந்துவிட்டேன்.

அந்த உப்பை நான் தின்னவில்லை, வளர்த்தேன். வெந்நீரில் கரைகிற மட்டும் கரைத்து, கண்ணாடி ஜாடியில் ஊற்றி, நூலில் ஒரு பொடிக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, துணியால் மூடி வைத்துவிட வேண்டும். பானைக்குள் நூல் கட்டிக் கற்கண்டு விளைய வைக்கிறார்களே, அதே கைப்பக்குவம்தான். அவசரப்பட்டால் கலங்கிப் போகும். ஜாடியைத் தட்டினால் கோணிக்கொள்ளும். பொறுமையாக இருந்தால் சில வாரத்தில் கட்டைவிரல் பருமனில், தண்ணீர் உறைந்ததுபோல ஒரு படிகம் நூலில் தொங்கும். எனக்குப் பொறுமை கிடையாது என்று என் அக்கா ஊருக்கே சொல்வாள். அந்த ஜாடிகளுக்கு முன்னால் மட்டும் நான் வேறு ஆளாக இருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் மாதா கோவிலுக்குப் பின் தெருவில் வாடகை வீடு. என் அக்கா, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், கன்னியர் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னை வளர்த்ததும் அவள், படிக்க வைத்ததும் அவள். அப்புறம் புதிதாக வந்து சேர்ந்த என் மனைவி. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் தோட்டங்காட்டுக் குடும்பம். பின்கட்டில் ஓர் ஒடுக்கமான அறை என்னுடையது. ஜாடிகள், கல்லூரியில் கெஞ்சி வாங்கிவந்த பழைய மைக்ரோஸ்கோப், ரேடியோ பாட்டரிகள், எல்லாம் அங்கேதான்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், அந்தப் படிகத்துக்குள் சுவர்கள் இருக்கின்றன, அவை நகர்கின்றன என்று படித்திருந்தேன். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு கிறுக்கு. இந்த வகைப் பொருளுக்குப் பெரோஎலக்ட்ரிக் என்று பெயர். பெரோ என்றால் இரும்பு. பெயரில் இரும்பு இருக்கும், பொருளில் ஒரு துளி இருக்காது. உள்ளே கோடானுகோடி அணுக்கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் மின்சாரத்தின் நேர்முனை ஒரு பக்கம், எதிர்முனை மறுபக்கம். தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பது எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறதோ அந்தப் பக்கமே இதுவும் வைக்கும். அப்படி ஒத்துப்போகிறவை எல்லாம் சேர்ந்து ஒரு பேட்டை. அதற்கு அடுத்த பேட்டையில் எல்லாம் நேர் எதிராக. இரண்டு பேட்டைக்கும் நடுவே உள்ள எல்லைதான் சுவர். கல்லும் கிடையாது, சாந்தும் கிடையாது. வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் அதற்கு இசைந்த பேட்டை பெருகும், இசையாதது சுருங்கும். சுவர் நகர்ந்து போகும். ஆனால் உள்ளே ஒருவரும் இடம் மாறுவதில்லை.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. மாமனார் வீட்டில் புரிந்தது. கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போயிருந்தோம். கோழியடித்துக் குழம்பு, தொட்டுக்க வெஞ்சனம் நாலு வகை. சாப்பிட்டு முடித்து ஆண்கள் எல்லோரும் புளியமரத்தடியில் நீளப் பாயில் வரிசையாகப் படுத்தோம். மச்சினன்மார், சித்தப்பாமார், நடுவில் மலைபோல ஒரு பெரியப்பா. எல்லோரும் இடப்பக்கம் ஒருக்களித்து உறக்கம். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை, புது மாப்பிள்ளை அல்லவா. வெயில் நகர்ந்து ஓரத்தில் கிடந்தவன் முகத்தில் விழுந்தது. அவன் உறக்கத்திலேயே வலப்பக்கம் திரும்பினான். அவன் மூச்சு அடுத்தவன் மூஞ்சியில் பட்டது. அவனும் திரும்பினான். பிறகு அடுத்தவன். திரும்பல் மட்டும் ஆள் விட்டு ஆள் பாயோடு போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாவிடம் வந்ததும் நின்றுவிட்டது. அவர் அசையவில்லை. செத்த நேரம் அப்படியே கிடந்தது. அப்புறம் என்ன தோன்றியதோ, ஒரு பெருமூச்சு விட்டு அவர் புரண்டார். அவருக்கு அப்பால் இருந்தவர்கள் எல்லோரும் பொலபொலவென்று ஒரே மூச்சில் திரும்பிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. படிகத்திலும் இதேதான் நடக்கிறது. எங்காவது ஒரு பழுது, ஓர் அழுக்கு இருந்தால் சுவர் அதில் சிக்கி நிற்கும். விட்டுப் போகும்போது ஒரே தாவலாகத் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் துளி மின்சாரம் துடிக்கும். அதைப் பெருக்கினால் காதாலேயே கேட்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்த என் மனைவியிடம் பாயைக் காட்டி இதையெல்லாம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். எவ்வளவு புரிந்துகொள்கிறாள் என்று பூரித்துப் போனேன்.

அவளைப் புகழாதவர் இல்லை. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். எது சொன்னாலும் ஒரு தலையாட்டு, ஒரு சிரிப்பு. எதிர்ப்பேச்சு கிடையாது. "பேசுறது வாசலுக்குக் கேக்காது, அம்புட்டு அடக்கம்" என்று தெருப் பெண்கள் தங்கள் மருமகள்களுக்கு அவளை உதாரணம் காட்டினார்கள். அவர்கள் வீட்டு மருமகள்கள் இவளை என்ன பாடு திட்டியிருப்பார்களோ.

ஐப்பசியில் எங்கள் பெண்ணுக்கு ஞானஸ்நானம். பிறந்தது தாய் வீட்டில் என்றாலும் ஞானஸ்நானம் எங்கள் கோவிலில்தான் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். தாயும் பிள்ளையும் மழைக்குள் வண்டி கட்டி வந்து சேர்ந்தார்கள். என் பின்கட்டு அறை ஒழுகியது. அதனால் விளைந்த படிகங்களை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அடுக்களை அலமாரித் தட்டில் வைத்தேன். அடுப்படியில் நின்ற மனைவியிடம், "இது கற்கண்டு இல்லை, பேதி உப்பு. எடுத்துராதே" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் திரும்பி, சிரித்து, தலையாட்டினாள்.

அப்போதெல்லாம் ஞானஸ்நானத்தில் சாமியார் பிள்ளையின் நாக்கில் ஒரு துளி மந்திரித்த உப்பு வைப்பார். கோவிலில் அதைப் பார்த்துவிட்டு விருந்தாளிகள் வீட்டுக்கு வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு கிண்ணத்தில் கற்கண்டு. முதலில் எடுத்து வாயில் போட்டவர் மாமனாரின் தம்பி. முகம் கோணியது. துப்பப் போனவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "உப்புக் கரிக்குது. மந்திரிச்ச உப்பு போல" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பயபக்தியோடு விழுங்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஒருத்தரும் துப்பவில்லை. ஒரு பாட்டி இரண்டு கல் கேட்டு வாங்கி, ஒன்றை வாயிலும் ஒன்றை முந்தானை முடிச்சிலும் போட்டுக்கொண்டாள். நான் வாசலில் ஆட்களை வரவேற்றுவிட்டு உள்ளே வந்தபோது கிண்ணம் காலி. ஆடி மாதத்திலிருந்து நான் கண்ணுக்குள் வைத்து வளர்த்த கல் அந்த முந்தானையில் இருந்தது. சாயங்காலம் கொல்லைப்புறத்தில் நின்ற வரிசையைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அடுக்களைக்குப் போனேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல" என்று கத்தினேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினேன். திமிர் என்று நினைத்துக் கையிலிருந்த பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் வீசினேன். அது சுழன்று சுழன்று அலறியது. கூடத்தில் தூங்கிய பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டது. தெருவில் போன ஆள் எட்டிப் பார்த்தான். அவள் மட்டும் அடுத்த தட்டை எடுத்து நிதானமாகத் துடைத்தாள். நடந்து அவள் முன்னால் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சிரித்தாள், தலையாட்டினாள்.

மதுரையில் ஒரு காது டாக்டர் அதிர்கிற இசைக்கவையை அவள் காதருகே பிடித்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அதே கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். அவள் கண் விரிந்தது. "நரம்பு நல்லா இருக்கு. காதுக்குள்ள ஒரு குட்டி எலும்பு இறுகிப்போய் நிக்குது. பிள்ளை பெத்தா சிலருக்குக் கூடும்" என்றார். அறுவை சிகிச்சை தூரத்து ஊர்களில் உண்டு, கைப்பிள்ளைக்காரிக்கு இப்போது வேண்டாம், சென்னையிலிருந்து காது மிஷின் வரவழைக்கலாம், பார்க்கலாம் என்றார். இறுகிப்போன காதுக்குத் தன் குரல் மட்டும் பெரிதாகக் கேட்குமாம். அதனால்தான் அவள் மெல்லப் பேசியிருக்கிறாள். ஊரே அடக்கம் என்று கொண்டாடியது அதைத்தான்.

ஊர் திரும்பிய சில நாளில் ஒரு மத்தியானம் பிள்ளை தொட்டிலில் அழுது அழுது நீலம் பாரித்துவிட்டது. பக்கத்திலேயே தாய் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். பள்ளியிலிருந்து வந்த அக்காதான் பார்த்துத் தூக்கினாள். அன்றே தொட்டில் அக்காவின் அறைக்குப் போயிற்று. அக்கா பள்ளிக்குப் போகும் நேரத்துக்கு எதிர்வீட்டு அம்மா காவல். "அவளக் குத்தம் சொல்லல தம்பி. ஆனா நாம பிள்ளையப் பாக்கணும்ல" என்றாள் அக்கா. அவள் சொன்னதில் தப்பில்லை. பயந்துதான் போயிருந்தாள். பால் கொடுக்க மட்டும் பிள்ளை தாயிடம் வரும். குடித்து முடித்ததும் போய்விடும். அக்கா கையை நீட்டும்போதெல்லாம் அவள் சிரித்துத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டு என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். பிள்ளை போனபிறகு மடியில் விரித்த துணியை மடிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் என்னிடம், "ஏங்க, அவ அழுகை எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அன்று கல்லூரியில் பாடம் ஓடவில்லை.

பேகம்பூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிற பாய் எனக்குப் பள்ளித் தோழர். சுவர்களின் துடிப்பைப் பெருக்கிக் கேட்க ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று அவரிடம் போனேன். மார்கழி பிறந்துவிட்டால் அவருடைய செட்டுகள் எல்லாம் கோவில்களுக்குப் போய்விடும். விடியுமுன் ஊர் முழுக்க அவருடைய குழாய்கள்தான் பாடும். "ஒரு ஆம்ப்ளிஃபயர்தான் கெடக்கு வாத்தியாரே, வீட்டுல கெழவர் மாதிரி முனகிக்கிட்டே இருக்கும். பரவால்லயா?" என்றார். ஒரு மைக்கும், கிராமபோன் தட்டில் ஊசி ஓட்டுகிற பிக்கப் தலை ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார். பிக்கப்புக்குள் இருப்பதும் என் ரோஷெல் உப்புதான். ஊசி அசைந்தால் அது மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் ஊசியை அசைக்கும். "ஒருக்கா அவசரத்துல கம்பியை மாத்திச் சொருகிட்டேன். குழாய் ஊமை, ஊசி பாடுது. ஜின்னு புகுந்துருச்சுன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கடையிலிருந்து வீடு வருகிற வழியெல்லாம், தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடைக்குள் நடந்துகொண்டே, பாடுகிற அந்த ஊசியை ஒருத்தி பல்லில் கடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்றே நினைத்தேன். பல் எலும்போடு சேர்ந்தது. எலும்பு நரம்போடு சேர்ந்தது.

மார்கழி எனக்கும் வேண்டியிருந்தது. ரோஷெல் உப்பில் பேட்டைகளும் சுவர்களும் எப்போதும் இருப்பதில்லை. வெப்பமானி இருபத்து நாலு டிகிரியைத் தாண்டினால் எல்லாம் கலைந்து ஒன்றாகிவிடும். எங்கள் ஊரில் இருபத்து நாலு டிகிரியா! வருஷத்தில் பாதி நாள் ராத்திரிகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. மார்கழி விடியலில் மட்டும், மலைக்கோட்டைப் பாறை பனியில் காணாமல் போகிற அந்தக் கொஞ்ச நேரம், சுவர்கள் உண்டாகும். வெயில் ஏறினால் போய்விடும். பால்காரன் வருகிற நேரத்துக்கு அவையும் வரும், தபால்காரன் வருமுன் மறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு மார்கழிக் காலையில் ஈர நூலால் அறுத்த மெல்லிய படிகத் தகடு மைக்ரோஸ்கோப்பின் கீழே இருந்தது. இரு ஓரத்திலும் மின்சாரம் கொடுக்க சிகரெட் டப்பாவின் ஈயக் காகிதம். மேலும் கீழும், பேட்டைகளைப் பிரித்துக் காட்டுகிற போலராய்டு கண்ணாடி. குனிந்து பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாய்ப் பேட்டைகள். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மின்னழுத்தம் ஏற்றினேன். வெள்ளை பெருகத் தொடங்கியது. சுவர் மெல்ல ஊர்ந்தது, நின்றது, ஒரு தாவல் தாவியது. கறுப்புப் பட்டை ஒன்று ஊசிபோல ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் இல்லாமலே போயிற்று. சத்தமில்லை. நான் கனவில் இருப்பதுபோல் இருந்தேன். வீடு, கல்லூரி, ஒழுகும் கூரை ஒன்றும் நினைவில்லை. அந்த வட்டத்துக்குள் எதுவோ மனம் மாறிக்கொண்டே இருந்தது.

அவள் காப்பி கொண்டுவந்தாள். எழுந்து இடம் கொடுத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். நான் திருகைத் திருப்பினேன். "தண்ணி பாயுது" என்று மெல்லச் சொன்னாள். பாத்தி விட்டுப் பாத்தி நீர் பாய்வதைப் பார்த்து வளர்ந்தவள். எனக்கு ஆசை மீறியது. அந்தத் தகட்டின் துடிப்பைக் கேட்பதற்காக அதை ஏற்கனவே ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருந்தேன். பாய் கொடுத்த பிக்கப்பை மறுமுனையில், குழாய்க்குப் பதிலாக, மாட்டியிருந்தேன். மைக்கைச் சொருக நேரமிருக்கவில்லை. கண்ணால் பார்த்ததை முதலில் கேட்கட்டும், பிள்ளையின் குரல் பிறகு என்று பிக்கப்பை அவள் வாயருகே நீட்டினேன். பல்லைக் காட்டிச் சைகை செய்தேன். அவள் வெட்கப்பட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஊசியை மெல்லக் கடித்தாள்.

திருகைத் திருப்பினேன். சுவர்கள் கிளம்பின. பொரி வெடிப்பதுபோல மெல்லிய சத்தம் வரும், விட்டு விட்டு வரும் என்று எனக்குத் தெரியும். அவள் உடம்பு விறைத்தது. இரண்டு கையாலும் பிக்கப்பைப் பிடித்துக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள்ளிருந்து நீர் இறங்கியது. என் சுவர்கள் அவளைத் தொட்டுவிட்டன என்று ஒரு நிமிஷம் எனக்கு அப்படி ஒரு பெருமை.

"புள்ள மூச்சு விடுது" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அறை வாசல்படியில் அக்கா நின்றாள். காலைப் பாலுக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பிள்ளை அவள் தோளில் உறக்கத்தில் இருந்தது. என் மனைவி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வந்தது அவளுக்குத் தெரியாது. அக்கா தோளிலிருந்த முகத்தைத் தன் காதோடு சாய்த்து வைத்துக் கேட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. "சளி கட்டியிருக்கு. லேசா கொர்கொர்ங்குது. தோள்ல கெடக்கையில எனக்கே கேக்கலையே தம்பி" என்றாள்.

அது பிள்ளையின் மூச்சல்ல, உப்புக்குள் சுவர் நகர்கிற சத்தம் என்று நான் சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது? அக்கா உள்ளே வந்தாள். தம்பி பெண்டாட்டியின் மடியில் பிள்ளையை வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். படிகத்தின் கம்பியை உருவி எறிந்துவிட்டு மைக்கைச் சொருகினேன். பிள்ளையின் வாயருகே பிடித்தேன். இடம் மாறியதில் அது விழித்துக்கொண்டது. உதட்டைப் பிதுக்கியது. பசியோடு ஓர் அழுகை அழுதது.

அவள் கண்ணைத் திறந்தாள். ஊசியைக் கடித்தபடியே பிள்ளையின் வாயைப் பார்த்தாள். சத்தமும் வாயும் ஒன்றாக அசைவதைப் பார்த்தாள். சிரித்தாள், பிக்கப் மடியில் விழுந்தது. அதைத் தேடவில்லை. பிள்ளையை மாரோடு சேர்த்துக்கொண்டு, "மதினி, இவ எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அக்கா பதில் சொன்னால் அவளுக்குக் கேட்காது. அதனால் அக்கா தலையாட்டினாள்.

மைக்ரோஸ்கோப் பக்கம் நான் திரும்பியபோது வெயில் ஜன்னலுக்கு வந்திருந்தது. வட்டம் வெறுமையாக இருந்தது.

அன்று மத்தியானம் தொட்டில் எங்கள் பக்கம் வந்தது. அக்காதான் தன் பழைய சேலையைக் கிழித்து ஒரு நாடா முறுக்கி, ஒரு முனையைத் தொட்டிலிலும் மறுமுனையைத் தாயின் கால் பெருவிரலிலும் கட்டினாள். கட்டி, இழுத்துப் பார்த்து, அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள். பிக்கப் காலையில் கொஞ்ச நேரம் விளையாட்டுக்கு என்று ஆனது, சித்திரை வெயிலில் அதற்கு உயிர் போனது. நாடாதான் நிலைத்தது. அந்த முதல் நாள் நான் கூடத்துத் தூணில் சாய்ந்து, தூக்கம் வராமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிலுக்கு இந்தப் பக்கம் அவள், அவளுக்கு அடுத்து அக்கா, இருவரும் சுவரைப் பார்த்து ஒருக்களித்து உறக்கம். தொட்டில் லேசாக அசைந்தது. நாடா இழுபட்டது. உறக்கத்திலேயே அவள் பிள்ளையின் பக்கம் திரும்பிப் படுத்தாள். செத்த நேரம் கழித்து அக்காவும் திரும்பினாள்.